பனி நாளில் பாய்லர் நின்றுவிட்டால்: பிரிட்டனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் வெந்நீர். தேங்காய் மட்டையைச் செருகிப் பற்றவைத்தால் அரை மணியில் வீடே குளித்துவிடும். கெட்டுப்போக அதில் ஒன்றும் கிடையாது. லண்டன் சமையலறை அலமாரிக்குள் தொங்கும் வெள்ளைப் பெட்டியையும் பாய்லர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இது நின்றால் வெந்நீரோடு வீட்டுச் சூடும் போய்விடும். அதுவும் வெளியே மைனஸ் நான்கு, ஐந்து என்று இருக்கும் விடியற்காலையாகப் பார்த்துத்தான் நிற்கும்.

லண்டனின் ஹாரோ பகுதியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். நான் கேஸ் இன்ஜினியர் இல்லை. மூன்று குளிர்காலத்தில் மூன்று விதமாக மாட்டிக்கொண்டதில் தெரிந்துகொண்டதும், நண்பர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பதும் சேர்ந்ததுதான் இது. சட்ட விஷயங்கள் இங்கிலாந்துக்குச் சொன்னவை; ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில மாறும்.

கேஸ் வாடை அடிக்கிற மாதிரி இருக்கிறது. முதலில் யாரைக் கூப்பிடுவது?

பாய்லர் கம்பெனியை இல்லை, இன்சூரன்ஸையும் இல்லை. 0800 111 999. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் ஒரே கேஸ் அவசர எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், மீட்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி கேஸை மூடுங்கள், எல்லோரும் வெளியே வந்து போன் செய்யுங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். வாடை பலமாக இருந்தால் அதற்கும் நிற்காமல் வெளியேறுங்கள்.

கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு வாடையே கிடையாது. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் அதைச் சந்தேகியுங்கள். அதற்கும் இதே எண்தான். மயக்கம் வருகிறது என்றால் 999.

வாடை எதுவும் இல்லை, பாய்லர் மட்டும் ஓடவில்லை. ஆளைக் கூப்பிடும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

அடுப்பைப் பற்றவையுங்கள். கேஸ் அடுப்பு எரிந்தால் வீட்டுக்குள் கேஸ் வருகிறது என்று அர்த்தம். எரியவில்லை என்றால், ப்ரீபேமென்ட் மீட்டர் உள்ளவர்கள் காசு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். குளிர் நாளில் கேஸ் இரண்டு மடங்கு ஓடும். வழக்கமாக ஒரு வாரம் வரும் பணம் மூன்று நாளில் காலியாகும்.

அடுத்தது கரண்ட். பாய்லருக்கென்று சுவரில் தனி சுவிட்ச் இருக்கும், சின்ன ஃப்யூஸோடு. யாராவது துணி காயப்போடும்போது கை பட்டு அணைத்திருப்பார்கள். பிறகு சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், எவ்வளவு சூடு வேண்டும் என்று குறிக்கும் கருவி. அதன் பேட்டரி செத்துப்போனால் பாய்லருக்குத் தகவலே போகாது. என் நண்பர் ஒருவர் 90 பவுண்டு கொடுத்து வரவழைத்த ஆள், இரண்டு ஏஏ பேட்டரியை மாற்றிவிட்டுப் போனார். அந்த நண்பர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பாய்லர் முகப்பில் வரும் எழுத்தையும் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வைலன்ட் என்றால் எஃப்22 தண்ணீர் அழுத்தம் குறைவு, எஃப்28 பற்றவில்லை. ஐடியல் லாஜிக்கில் எஃப்1 அழுத்தம், எல்2 பற்றவில்லை. வூஸ்டர் பாஷில் ஈஏ என்றால் சுடர் தெரியவில்லை. மற்ற பிராண்டுகளுக்கு மேனுவல் கம்பெனி இணையத்தளத்திலேயே கிடைக்கும். போனில் இந்த எண்ணைச் சொன்னால் வருகிறவர் சரியான சாமானோடு வர வாய்ப்பு அதிகம்.

பிரஷர் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நானே ஏற்றலாமா?

ஏற்றலாம். காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் வெந்நீரும் வீட்டுச் சூடும் தருவது) குளிர்ந்திருக்கும்போது முள் ஒரு பாருக்கும் ஒன்றரைப் பாருக்கும் நடுவே இருக்க வேண்டும்; பார் என்பது அழுத்தத்தின் அளவு. பாய்லருக்கு அடியில் வெள்ளி நிறத்தில் பின்னிய மாதிரி ஒரு சின்னக் குழாய், அதன் இரு பக்கமும் வால்வு. சில மாடல்களில் வெறும் ஒரு நெம்புகோல். பாய்லரை அணைத்துவிட்டு மெதுவாகத் திறந்தால் தண்ணீர் போகும் சத்தம் கேட்கும், முள் ஏறும். ஒன்றரை வந்ததும் மூடுங்கள். இரண்டு வால்வையும் மூடினீர்களா என்று இரண்டாவது தடவை பாருங்கள். மறந்தால் அழுத்தம் 3 பார் வரை போய், பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை ஏற்றுவது சகஜம். வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள்.

பத்து மாதம் ஒழுங்காக ஓடிய பாய்லர் ஏன் உறைபனி அன்று மட்டும் நிற்கிறது?

பெரும்பாலும் பழுது பாய்லருக்குள் இல்லை. வெளிச்சுவரில் போகும் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயில்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்குப் பிறகு மாட்டும் கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்கு தவிர, கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். பழைய பாய்லரில் சூடான புகை அப்படியே வெளியே போகும். இதில் அந்தப் புகையை உள்ளேயே குளிரவைத்து, அதிலிருக்கும் நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற சூட்டையும் பிடித்துக்கொள்வார்கள். கேஸ் மிச்சம். ஆனால் அந்தத் தண்ணீர், லேசாக அமிலம் கலந்தது, எங்காவது போக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தக் குழாய். நல்ல பிளம்பர் அதை வீட்டுக்குள்ளேயே சமையலறை சிங்க் குழாயோடு சேர்த்திருப்பார். அவசரப் பிளம்பர் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டிருப்பார், அதுவும் 21.5 மில்லிமீட்டர் என்று ஒல்லிக் குழாயில். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் ராத்திரி அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற தண்ணீர் பாய்லருக்குள் ஏறும். பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

2010 டிசம்பரில், 1910-இலிருந்து இருக்கும் கணக்கிலேயே மிகக் குளிரான அந்த டிசம்பரில், நாடு முழுக்க இப்படித்தான் பாய்லர்கள் நின்றன. குழாயைப் பெரிதாகப் போடு, உறை போடு என்ற அறிவுரையெல்லாம் அதன் பிறகுதான் அழுத்தமாக வந்தது.

என் வீட்டில் அந்தக் குழாய்தான் உறைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரிந்தால் என்ன செய்வது?

சத்தம். 2022 டிசம்பர் 12, லண்டனில் பனி கொட்டிய மறுநாள் காலை, எங்கள் பாய்லர் யாரோ தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி கொடகொடவென்றது. ரீசெட் அழுத்தினேன். ஊதியது, கொப்பளித்தது, அணைந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, வெளியே போய்க் குழாயைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். மேலே தட்டினால் வெற்றுக் குழாயின் சத்தம். வளைவுக்குக் கீழே தட்டினால் கட்டை மாதிரி ‘டொக்’. அங்கேதான் ஐஸ். வளைவுகளும், தரைக்குப் போகும் முனையும்தான் முதலில் உறையும்.

இளக்குவது சுலபம். கெட்டிலில் வெந்நீர் வைத்து, பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்து, பூவாளியிலோ பெரிய சொம்பிலோ எடுத்து, உறைந்த இடத்தின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வளைவில் கட்டி வைப்பதும் நல்லது. எனக்கு நான்கு சொம்பு ஆயிற்று. உள்ளே இருந்து ஒரு விரல் நீள ஐஸ் குச்சி வழுக்கிக்கொண்டு வந்து கீழே சாக்கடை வலைமேல் விழுந்தது, கூடவே கால் வாளித் தண்ணீர். உள்ளே போய் ரீசெட் அழுத்தினேன், பிடித்துக்கொண்டது.

இரண்டு எச்சரிக்கை. குழாய் மாடி உயரத்தில் இருந்தால் பனியில் ஏணி வைக்காதீர்கள், விட்டுவிடுங்கள். ஊற்றிய தண்ணீர் பாதையில் மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிடும். ஒரு கை கல் உப்பைத் தூவுங்கள். நான் தூவவில்லை. அன்று மாலை என் மனைவி அதே இடத்தில் வழுக்கி விழப் பார்த்தாள், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளும் உறைந்துவிட்டது. இதற்கு முடிவே இல்லையா?

அன்றைய ராத்திரிக்கு: தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் ஏற்றி, பாய்லரை விட்டு விட்டு ஓடாமல் தொடர்ந்து ஓடவிடுங்கள். தண்ணீர் சொட்டாக வராமல் ஓட்டமாகவும் வெதுவெதுப்பாகவும் வந்தால் உறைவது குறையும். கேஸ் செலவாகும், ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை.

நிரந்தரமாக: வெளியே போகும் குழாயை 32 மில்லிமீட்டராக மாற்றி, நீளத்தைக் குறைத்து, நல்ல சரிவு கொடுத்து, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கழிவுக் குழாயில் சேர்த்துவிடச் சொல்வது இன்னும் நல்லது. வெயில் காலத்தில் செய்யுங்கள். டிசம்பரில் கேட்டால் ஆளும் கிடைக்காது, விலையும் வேறு.

ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தலாம்?

இரண்டு, மூன்று. அதற்கு மேல் அது எதையோ சொல்ல வருகிறது. பாய்லர் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்க்கும் வேலை நம்முடையது இல்லை, யூடியூபில் யார் காட்டினாலும்.

மாதா மாதம் பணம் கட்டி கவர் (பாய்லர் கெட்டால் வந்து சரிசெய்யும் ஒப்பந்தம்) வைத்திருக்கிறேன். இன்றைக்கே வந்துவிடுவார்களா?

வரலாம். உறைபனி வாரத்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கவரை நாம் நினைத்துக்கொள்வது, ஓர் இன்ஜினியர் நமக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று. உண்மையில் நாம் வாங்குவது வரிசையில் ஓர் இடமும், வந்தபின் பெரிய பில் வராது என்ற உறுதியும். ஒரே ராத்திரியில் ஒரு பகுதி முழுக்கக் குழாய் உறைந்தால் அந்த வரிசை தெரு முனையைத் தாண்டும். ஒப்பந்தத்தில் ‘24 மணி நேர உதவி’ என்று இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் அது 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள் என்பதுதான். ‘கடும் வானிலையில் தாமதமாகலாம்’ என்று வேறோர் இடத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டையும் தேடிப் படியுங்கள், வெயில் காலத்தில்.

எங்களுக்கு முதல் தடவை, கவர் கொடுத்த கம்பெனி ஒரு மணி பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, ஐந்து நாள் கழித்து ஒரு தேதி கொடுத்தது.

அப்படியானால் போனில் என்ன பேசினால் முன்னால் வருவார்கள்?

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், ஆஸ்துமா, இதய நோய். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம். பரிதாபம் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுவோம். நானும் விட்டேன். மறுபடி போன் செய்து, 78 வயது மாமியார் கூட இருக்கிறார், இன்ஹேலர் எடுக்கிறார் என்றதும் தேதி மறுநாளுக்கு மாறியது. அவர்கள் பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது; நாம் சொன்னால்தான் அதில் டிக் விழும்.

வெந்நீர் இல்லை, ஹீட்டிங் இல்லை என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். திரையில் வரும் கோட், நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தது, குழாயை இளக்கியது எல்லாம் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நேரம், ரெஃபரன்ஸ் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பேசி முடித்ததும் அதையே நாலு வரி ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள். பின்னால் சண்டை வந்தால் அந்த நாலு வரிதான் கை கொடுக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கேஸ், கரண்ட் கம்பெனிகள் வைத்திருக்கும் ப்ரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர். வயதானவர்கள், நோயாளிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள், ஆங்கிலம் சரளமாகப் பேசவோ படிக்கவோ முடியாதவர்கள்கூட இதில் பதியலாம், இலவசம். இது பாய்லர் ரிப்பேருக்கான பட்டியல் அல்ல. ஆனால் தெருவில் கேஸோ கரண்டோ போனால் இவர்களுக்கு முதலில் உதவி வரும். ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்காகப் பதிந்துவையுங்கள்.

வந்து பார்த்துவிட்டு ‘இது உங்கள் கவரில் வராது’ என்கிறார். அது எப்படி?

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் கொஞ்சம்தான். ஒன்று, கவர் எடுத்த முதல் 14 அல்லது 28 நாளுக்குள் கெட்டது. குளிர் வந்தபின் ஓடிப்போய் கவர் வாங்குபவர்களைத் தடுக்கத்தான் அந்த விதி. இரண்டு, கவர் எடுக்கும் முன்பே இருந்த பழுது. மூன்று, வருடாந்திர சர்வீஸ் செய்யவில்லை. நான்கு, குழாய்களுக்குள் சேர்ந்த கறுப்புச் சேறும் லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும். இதற்குப் பவர்ஃப்ளஷ் (குழாய்களுக்குள் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்துவிட்டு வாருங்கள் என்பார்கள், அதன் செலவு நம்முடையது. உறைந்த குழாயைச் சில ஒப்பந்தங்கள் சேர்க்கும், சில உறை போடாத குழாய் என்று தள்ளும்.

பெரிய அடி, ‘இதை ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது’ என்று எழுதிவிட்டுப் போவது. பாய்லரின் மதிப்பைவிட ரிப்பேர் செலவு கூடும் என்றோ, பாகம் கிடைக்காது என்றோ சொல்வார்கள். சில ஒப்பந்தம் புது பாய்லருக்கு ஒரு தொகை தரும், பல அத்தோடு கையைக் கழுவிவிடும். பத்து வருடத்துக்கு மேலான பாய்லருக்கு கவர் வாங்கும் முன் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

எந்தக் காரணம் சொன்னாலும், ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுத்தவர்கள், எழுதச் சொன்னால் சில சமயம் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு மனம் மாறி வருவார்கள். சர்வீஸ் செய்யவில்லை என்பார்கள். ஆனால் போனது ஃபேன், சர்வீஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வேறொரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் அது நல்ல வாதம்.

நாலு நாளாக வரவில்லை. நானே ஆள் வைத்துச் செய்துவிட்டு பில்லை அனுப்பலாமா?

கேட்காமல் செய்தால் பெரும்பாலும் மறுப்பார்கள். ‘நாளை மதியம் 12 மணிக்குள் வராவிட்டால் கேஸ் சேஃப் இன்ஜினியரை (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவரை) வைத்துச் செய்துகொள்கிறேன், அந்தச் செலவை உங்களிடம் கேட்பேன்’ என்று ஈமெயில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு செய்யுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ, விவரமான பில், பாகத்தின் பெயர் எல்லாம் வேண்டும். ஹீட்டர் வாங்கிய ரசீதையும் வையுங்கள். சில பாலிசிகளில் அதற்கும், ஹோட்டல் தங்கலுக்கும் ஒரு வரம்பு வரை இடம் உண்டு.

புகார் செய்தும் பலன் இல்லை. மேலே எங்கே போவது?

முதலில் உங்கள் ஒப்பந்தம் இன்சூரன்ஸா, வெறும் சர்வீஸ் திட்டமா என்று பாருங்கள். இரண்டும் ஒரே விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இன்சூரன்ஸ் என்றால் கம்பெனிக்கு எழுதிப் புகார் கொடுத்து எட்டு வாரம் பாருங்கள். பதில் திருப்தி இல்லை, அல்லது பதிலே இல்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை நடுவில் நின்று தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். கம்பெனியின் இறுதிக் கடிதம் வந்தால் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நமக்குச் செலவு கிடையாது. அவர்கள் இறுதி முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி கட்டுப்பட வேண்டும். ரிப்பேர் செலவோடு, குளிரில் கிடந்த அவதிக்கும் ஒரு தொகை கொடுக்கச் சொல்வதுண்டு.

வெறும் சர்வீஸ் திட்டம் என்றால் ஆம்புட்ஸ்மன் எடுக்காமல் போகலாம். அப்போது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம்தான் பிடி: சேவையை நியாயமான கவனத்தோடும், நேரம் குறிக்காவிட்டால் நியாயமான காலத்துக்குள்ளும் செய்ய வேண்டும் என்கிறது அது. சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஆலோசனை கேட்டு, தேவைப்பட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்.

இவ்வளவு தொல்லைக்கு கவரே இல்லாமல் இருந்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கட்டியது மாதம் 18 பவுண்டு, ஆள் வரும் ஒவ்வொரு தடவையும் மேலே 60. மூன்று வருடத்தில் 648 பவுண்டு கட்டினேன். இரண்டு தடவை வந்தார்கள், 120. மொத்தம் 768. தனியாகச் செய்திருந்தால் இதைவிடக் கம்மியாக முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது கவரை விட்டுவிட்டேன். அந்தப் பதினெட்டை வேறு கணக்கில் மாதா மாதம் போட்டுவைக்கிறேன், வருடம் ஒரு தடவை ஒரே இன்ஜினியரிடம் சர்வீஸ் செய்கிறேன். தெரிந்த இன்ஜினியரின் எண் போனில் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். திடீரென்று ஐந்நூறு பவுண்டு புரட்ட முடியாதவர்களுக்கும், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் கவர் நிம்மதி. அது தப்பில்லை. புது பாய்லர் வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்: கம்பெனி வாரன்டி ஐந்து, ஏழு, பத்து வருடம்கூட இருக்கும், வருடா வருடம் சர்வீஸ் செய்து புத்தகத்தில் பதிந்திருந்தால். வீட்டு இன்சூரன்ஸிலும் ‘ஹோம் எமர்ஜென்சி’ என்று ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கலாம். ஒரே பாய்லருக்கு மூன்று இடத்தில் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்கிறார்.

ஹீட்டிங்கும் வெந்நீரும் ஓடும்படி வைத்திருப்பது அவர் கடமை. 1985 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 11-வது பிரிவு. வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் செல்லாது. சட்டம் ‘நியாயமான காலம்’ என்று சொல்கிறது, நாள் கணக்குச் சொல்லவில்லை. நடுக்குளிரில் பாய்லர் என்றால் அது ஒன்றிரண்டு நாள் விஷயம், வாரக்கணக்கு இல்லை. வருடம் ஒரு முறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழின் நகலையும் அவர் தர வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் 2022 அக்டோபரிலிருந்து அவர் பொறுப்பு, அந்த அறை ஆட்கள் புழங்குகிற அறையாக இருந்தால்.

வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர், அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவர் என்றால் எழுதிக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ‘அண்ணா, ஞாபகத்துக்காக அனுப்புகிறேன்’ என்று ஆரம்பித்தாவது ஒரு மெசேஜ் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அசைய மாட்டேன் என்றால் கவுன்சிலின் (உள்ளூராட்சி) சூழல் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லலாம், அவர்கள் வந்து பார்த்து உத்தரவு போட முடியும். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி என்று உங்கள்மேலேயே திரும்பும்.

கவுன்சில் வீடு என்றால் அக்டோபர் 31-இலிருந்து மே 1 வரை ஹீட்டிங் போனால் ஒரு வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று 1994-இலிருந்தே விதி இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ரைட் டு ரிப்பேர்.

ஆள் வரும்வரை குளிருக்கு என்ன செய்வது?

வீடு முழுக்கச் சூடாக்கப் பார்க்காதீர்கள். ஒரே அறையைத் தேர்ந்தெடுத்து, திரையை இழுத்துவிட்டு, கதவடியில் பழைய துண்டைச் சுருட்டிவைத்து எல்லோரும் அங்கே கூடுங்கள். வயதானவர்கள் இருந்தால் அந்த அறை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஒரு 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும். யூனிட் 25 பென்ஸ் என்றால் மணிக்கு ஐம்பது பென்ஸ். ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டவே வேண்டாம், அது உருகிப் பற்றும். பார்பிக்யூ அடுப்பு, கரிச்சட்டி, கேம்ப்பிங் ஸ்டவ் எதையும் வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள். ஊரில் பிரசவித்தவளுக்குச் சாம்பிராணிப் புகை போடும் கரிச்சட்டியும் சேர்த்துத்தான். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வீட்டில் அந்தப் புகை போக வழியே இல்லை.

வெந்நீருக்கு: அலமாரியில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிற வீடு என்றால் இம்மர்ஷன் என்று எழுதிய சுவிட்சைத் தேடுங்கள், பாய்லர் இல்லாமலேயே கரண்டில் சுடவைக்கும். அந்த சுவிட்ச் இருப்பதே தெரியாமல் மூன்று நாள் கெட்டிலில் குளித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

வருகிறவர் அசல் இன்ஜினியர்தானா என்று எப்படித் தெரியும்?

கேஸ் சேஃப் கார்டைக் கேளுங்கள். 2009 ஏப்ரலிலிருந்து பழைய கோர்ஜி பதிவு செல்லாது. கார்டில் போட்டோ, ஏழு இலக்க எண், முடியும் தேதி இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. எண்ணை கேஸ் சேஃப் இணையத்தளத்தில் போட்டால் அப்போதே தெரிந்துவிடும். கோவில் வாசலில் நம்பர் கொடுத்தார், நம்ம பையன் என்பதெல்லாம் கார்டுக்கு ஈடாகாது.

அவர் வந்து ‘ஆபத்து’ என்று ஸ்டிக்கர் ஒட்டி கேஸையே மூடிவிட்டுப் போய்விட்டார்!

உடனடி ஆபத்து என்று கண்டால் உங்களிடம் கேட்டு அணைப்பது அவர் கடமை. அதைப் பிய்த்துவிட்டு ஓட்டாதீர்கள். ஆனால் என்ன குறை என்று எழுத்தில் வாங்குங்கள். புது பாய்லர்தான் போட வேண்டும் என்று அதே மூச்சில் விலை சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

டிசம்பர் கடைசியில் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். பாய்லரை அணைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஐஸ் ஆகும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும். மாடிக் கூரைக்குள் குழாய் வெடித்து, நீங்கள் மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது இங்கே ஹால் கூரை இறங்கும். ஹீட்டிங்கைக் குறைந்த சூட்டில் தொடர்ந்து ஓடவிடுங்கள். வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தில் ‘ஆளில்லா வீடு’ என்ற பகுதியைப் படியுங்கள். பல பாலிசிகள் 30 நாளுக்கு மேல் பூட்டியிருந்தால் சில பாதுகாப்பை நிறுத்திவிடும், அல்லது இத்தனை டிகிரி சூடு இருக்க வேண்டும், இல்லையேல் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடும். ஆறு வாரம் என்றால் போகும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில், பாத்திரம் துலக்கும் சோப்புக்குப் பின்னால், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் ஸ்டாப்காக் இருக்கும். கிளம்பும் முன் அதை மூடுங்கள். பல வருடம் தொடாமல் இறுகியிருக்கும், ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்து நிற்கும்போது திருகினால் திரும்பாது. ஒரு வாரம் முன்னாலேயே திருகிப் பார்த்துவிடுங்கள். வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஸ்டாப்காக் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டுங்கள்.